நாற்பத்திரண்டு பேர் வாயை மூடிய மதியம்

அந்த ஏரிக்கரை ஊருக்கு ஒரே ஒரு தெரு. அந்த ஒரே தெருவில் இரண்டு இந்திய உணவகங்கள், நேர் எதிரெதிரே. அடுத்த ஊருக்குப் போக மூன்று மணி நேரம் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தபால் நிலையம், தொப்பியும் சாவிக்கொத்தும் விற்கிற ஏழெட்டுக் கடைகள், ஒரு படகுத்துறை, அதற்கு மேலே மலை, அதற்கும் மேலே பனி. வந்து இறங்குகிறவர்கள் முதலில் ஏரியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் திரும்பிப் பார்த்தால் சாம்பார் வாசனை. 'இந்த அத்துவானத்திலா!' என்று இன்னொரு தடவை பிளப்பார்கள்.

இரண்டு கடை முதலாளிகளும் சகலைகள். அக்காளை ஒருவரும் தங்கையை மற்றவரும் கட்டியிருந்தார்கள். நான்கு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் சொத்தா, சீரா என்று கேட்டால் இரண்டுமில்லை, ஒரு போர்டு. ஏரிப்பக்கக் கடைக்காரருக்கு போர்டு எழுதுவதென்றால் உயிர். மலைப்பாதை நெடுக 'இந்திய உணவகம் இன்னும் 40 கி.மீ.', 'இன்னும் 20', 'பொறுங்கள், வந்துவிட்டது' என்று நட்டுவைத்திருந்தார். ஊர் அவரைப் போர்டுக்காரர் என்றே கூப்பிட்டது. ஒரு நாள் அவர் 'இப்பகுதியின் முதல் இந்திய உணவகம்' என்று வாசலில் மாட்ட, அடுத்த வாரமே எதிரே சகலை 'இப்பகுதியின் முதல் நல்ல இந்திய உணவகம்' என்று மாட்டினார். அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்கள்தான்.

பெண்கள் அப்படி இல்லை. அக்காளும் தங்கையும் காலை பத்து மணிக்கு ஆளுக்கொரு கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தபடியே போனில் பேசுவார்கள். இந்தக் கடையில் உளுந்து ஊறப்போட்டால் அந்தக் கடைக்குத் தெரியும். அந்தக் கடையில் யாராவது தும்மினால் இந்தக் கடையில் மிளகு நசுங்கும். நடப்பது எதுவும் தெரியாமல் இருந்தவர் அந்தத் தெருவிலேயே போர்டுக்காரர் ஒருவர்தான். பாவம், அவருக்கு எழுதவே நேரம் சரியாக இருந்தது.

அவர் கடையில் சமையல் பொறுப்பு அவருடைய அண்ணிக்கு. அண்ணன் வாரத்தில் பாதி நாள் வேனோடு மலைக்கு அந்தப் பக்கம் சாமான் வாங்கப் போய்விடுவார். ஆகவே அடுப்படி முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம். அதிகம் பேசமாட்டாள். கொஞ்ச நாள் முன்பு ஒரு காய்ச்சல் வந்து எழுந்த பிறகு அதையும் குறைத்துக்கொண்டாள். சமையலறைக் கதவைச் சாத்திவைக்கச் சொன்னாள். உள்ளே யாரும் பேசக்கூடாது, ரேடியோ கூடாது, குழாய்கூடச் சொட்டக்கூடாது. 'கைப்பக்குவம் இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் செய்யும்' என்று போர்டுக்காரர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் செய்தி வந்தது. ஒரு சுற்றுலாக் கம்பெனி நம் ஆட்களாகப் பார்த்துச் சேர்த்து, செவ்வாயும் வெள்ளியும் அந்த ஏரிக்கு ஒரு பஸ் விடப்போகிறதாம். மதியச் சாப்பாடு இரண்டு கடைகளில் ஏதாவது ஒன்றில். எது என்பதை முடிவு செய்கிறவள் பஸ்ஸோடு வரும் வழிகாட்டி, கைடம்மா. முதல் நடையில் போர்டுக்காரர் கடையில் சாப்பிட்டுப் பார்ப்பாள். பிடித்தால் சீசன் முழுக்க இங்கேதான். பிடிக்காவிட்டால் எதிர்க்கடை. கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டிடக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை, 'படகு சாமான் கடைக்கு ஒருத்தர் இடம் கேக்கறார், என்ன சொல்ல?' என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். பஸ் எதிர்ப்பக்கம் போனால் பனி விழுவதற்கு முன் கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மலையிறங்க வேண்டியதுதான்.

போர்டுக்காரர் சும்மா இருப்பாரா? எங்கேயோ ஒரு பத்திரிகையில் படம் பார்த்தாராம், பெரிய ஹோட்டல்களில் சமையல்காரர் வேலை செய்வதைச் சாப்பிடுகிறவர்கள் பார்ப்பார்களாம். உடனே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த சுவரை இடுப்புயரத்துக்கு இடித்தார். புகை ஹாலுக்குள் வராமலிருக்க அடுப்புக்கு மேலே ஒரு ராட்சத விசிறி மாட்டினார். அதைப் போட்டால் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் தெரியாமலிருக்க, ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் வைத்து வீணை இசையைத் திறந்துவிட்டார்.

"இந்த ஃபேன் வேணாமே தம்பி" என்றாள் அண்ணி.

"புகை வரும் அண்ணி. கைடம்மாவுக்குக் கண் எரிஞ்சா போச்சு."

"பாட்டையாவது நிறுத்தேன்."

"வீணை அண்ணி! தெய்வீகம்! அதுக்குமா ஆட்சேபம்?"

அண்ணி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லாவிலிருந்த மனைவி மட்டும் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருஷமாக அந்தப் பார்வைக்கு அவர் அர்த்தம் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

பஸ் பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போர்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு அடுப்படிக்குப் போய், கரண்டியில் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்த நாக்கை உள்ளே இழுக்க முடியவில்லை. கசப்பு. சாதாரணக் கசப்பில்லை, கஷாயம்.

"அண்ணி! மசாலா கருகியிருக்கு! வாசனையே வரலையா உங்களுக்கு?"

அண்ணி விசிறியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, சத்தம் போடாதீங்க" என்று கல்லாவிலிருந்து ஓடி வந்தாள் மனைவி.

"நீ இரு. இன்னைக்குப் பாத்து இப்படிப் பண்ணா..."

"வரலை தம்பி" என்றாள் அண்ணி. "ஆறு வாரமா வரலை."

"எது வரலை?"

"வாசனை. காய்ச்சல்ல போனது இன்னும் திரும்பல. உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது. மத்தது எல்லாம் வெந்நீர் மாதிரிதான்."

போர்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். ஆறு வாரம்! போன திங்கட்கிழமை அவரே ரசத்தைக் குடித்துவிட்டு, 'இன்னைக்கு வாசனை ஆளைத் தூக்குது அண்ணி' என்று சொல்லியிருந்தார். படகுத்துறைக்காரர் பூரிக்கிழங்கு வாசனைக்கே வருகிறேன் என்று தினமும் வந்துகொண்டிருந்தார். ஏரி பார்க்க வந்த ஒரு தம்பதி மறுநாள் புறப்படுவதைத் தள்ளிப்போட்டு வத்தக்குழம்புக்காகத் தங்கினார்கள். அத்தனையையும் ஒன்றுமே முகராமல் ஒருத்தி சமைத்துப் போட்டிருக்கிறாள்.

"அப்ப எப்படி அண்ணி? எதை வச்சு?"

"காதை வச்சுத்தான்" என்றாள், ஏதோ கடைக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்கிற மாதிரி. "கொத்தமல்லி விதை வறுக்கும்போது முதல்ல ஈரமா முணுமுணுக்கும். அப்புறம் சத்தம் காயும். காஞ்சு சலசலன்னு ஆனதும் எடுத்துடணும். வெந்தயம் ஒண்ணு ஒண்ணா வெடிக்கும், ஆறு ஏழு வெடிச்சாப் போதும். வெங்காயம் தண்ணி விடற வரைக்கும் கத்தும், வதங்கினா குரல் இறங்கிடும். எல்லாம் எப்பவும் கேட்டதுதான். மூக்கு இருந்ததால காது சொன்னதை நான் கவனிக்கல, அவ்வளவுதான்." பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "இந்த ஃபேன்ல ஒண்ணும் கேக்கல தம்பி" என்றாள்.

கதவு ஏன் சாத்தப்பட்டது, குழாய் ஏன் சொட்டக்கூடாது என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கர்வமாம் கர்வம்!

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உடனே வேற சமையல்காரர் தேவைன்னு போர்டு எழுதுவியே" என்றாள் மனைவி. பதற்றத்தில் 'ங்க' போய்விட்டது.

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாக வந்த பஸ்ஸை அந்த ஊர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது.

"கூட்டுக்கு எடுத்து வச்ச பருப்பு இருக்கு, காய் வெந்து இருக்கு" என்றாள் அண்ணி. "மசாலா புதுசா வறுத்து அரைச்சு, கொதிக்க விட்டுத் தாளிச்சா கால்மணியில சாம்பார். ஆனா எனக்குக் காது வேணும்."

"நான் பக்கத்துல நின்னு மோந்து பாத்துச் சொல்லட்டா?"

"உன் மூக்கு சொல்றப்ப கருகி முடிஞ்சிருக்கும் தம்பி. சத்தம்தான் முதல்ல சொல்லும்."

போர்டுக்காரர் விசிறியை அணைத்தார். ஹாலுக்கு ஓடி வீணையின் கழுத்தைத் திருகினார். அதற்குள் நாற்பத்திரண்டு பேரும் உள்ளே வந்து நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளாக ரொட்டியும் வெண்ணெயும் தின்று காய்ந்துபோன நம் ஆட்கள். கேட்க வேண்டுமா?

"ஜன்னல் பக்கம் எனக்கு, எனக்குத் தலைசுத்தல் இருக்கு."

"நேத்தும் உனக்குத்தான் தலைசுத்தல். மலையைப் பாக்கணும்னாலே உனக்குத் தலை சுத்துது."

"தம்பி, சாம்பார்ல வெங்காயம் உண்டா? அவருக்கு ஆகாது. எனக்கு வேணும்."

"அப்பளம் முன்னாடி வருமா பின்னாடி வருமா?"

கைடம்மா கையில் அட்டையும் பேனாவுமாக நடுவில் நின்று ஹாலை அளந்துகொண்டிருந்தாள். சிரிக்காத முகம். பார்த்தவுடன் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றவைக்கிற முகம். அவள் முன்னால் போர்டுக்காரர் கைகூப்பி நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். ஒரு கால்மணி நேரம் யாரும் பேசாம இருக்க முடியுமா?"

ஹால் ஒரு நொடி திகைத்து, பிறகு முன்பைவிட அதிகமாகப் பேசியது.

"ஏன், வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"பேசாம இருந்தா சாப்பாடு சீக்கிரம் வருமா?"

"இது என்னங்க, தியான வகுப்பா?" என்றாள் கைடம்மா, பேனாவை எடுத்துக்கொண்டே.

வேறு நாளாக இருந்தால் போர்டுக்காரர் மூலிகை, பாரம்பரியம் என்று எதையாவது அளந்துவிட்டிருப்பார். அன்றைக்கு வாயில் பொய் வரவில்லை. "எங்க அண்ணி காதால சமைக்கிறாங்க" என்றார். "மசாலா வறுபடற சத்தம் அவங்களுக்குக் கேக்கணும். இங்க சத்தம் இருந்தா கருகிடும். ஏற்கெனவே ஒரு அண்டா கருகிடுச்சு, என்னாலதான்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் குல்லாயும் கழுத்துத்துணியுமாக இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர் என்பது எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"சைலன்ஸ்!"

பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அமைதியான பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. எதிர்க்கடை வாசலில் ஆள் கூப்பிடுவதற்காகச் சகலை வைத்திருந்த ஸ்பீக்கரின் மேளம். டம் டமக்கு டம் டமக்கு என்று தெருவைத் தாண்டி நேராக அடுப்படிக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது. அண்ணி வாணலியை எடுத்தவள் எடுத்தபடி நின்றாள். காத்திருந்தாள்.

நான்கு வருஷம் தாண்டாத தெருவைப் போர்டுக்காரர் எட்டே எட்டு அடியில் தாண்டினார். சகலை வாசலில் கைகட்டி நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகலை."

"ம்."

"ஒரு கால்மணி நேரம் இந்த மேளத்தை..."

"அண்ணி திரும்ப வறுக்கறாங்களா?"

போர்டுக்காரருக்கு நடுத்தெருவில் நின்றுகொண்டே தலை சுற்றியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வாரமா தெரியும். எங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாத விஷயமா?"

"அப்ப கைடம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ் உங்களுக்குத்தானே?"

சகலை அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ரெண்டு வருஷம் யார் கையால சாப்பிட்டேன்? கோபம் உங்க மேல. சோத்து மேல எனக்கு என்ன கோபம்?"

சொல்லிவிட்டு உள்ளே போனவர் ஸ்பீக்கரை மட்டுமா அணைத்தார்? தன் கடை மெயின் சுவிட்சையே இறக்கினார். மேளம் போயிற்று. குளிர்பெட்டிகளின் உறுமல் போயிற்று. பிறகு தெருவுக்கு வந்து, படகுத்துறையில் மோட்டாரை ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்த படகுத்துறைக்காரரைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். படகுத்துறைக்காரருக்கு விஷயம் தெரியாது. ஆனால் சகலைகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று புரிந்து மோட்டாரை நிறுத்திவிட்டார்.

அந்தத் தெரு அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. மலையிலிருந்து பனிக்காற்று இறங்கி வருகிற சத்தம் கேட்டது. ஏரித்தண்ணீர் கரையை நக்குவது கேட்டது.

பிறகு வாணலி பேசத் தொடங்கியது.

போர்டுக்காரர் தன் கடை வாசற்படியில் நின்றார். பதினைந்து வருஷமாக உணவகம் நடத்துகிறவர், தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சமையலைக் கேட்டார். விதைகள் விழுந்ததும் தூரத்தில் யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கரண்டியைக்கூடத் தூக்கித் தூக்கி வைத்தாள், உரசாமல். முணுமுணுப்பு மெல்ல மெல்ல உலர்ந்தது. ஈரம் போய், மணல் சரிகிற மாதிரி ஆயிற்று. 'இப்ப' என்று அவருக்கே தோன்றிய அதே கணத்தில் இல்லை, அதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அண்ணியின் கை வாணலியைத் தட்டில் கவிழ்த்துவிட்டது. வெந்தயம் டிக் என்றது. டிக். டிக். நாற்பத்திரண்டு பேரும் எண்ணுவது உதடுகளில் தெரிந்தது. ஏழாவதில் அண்ணி எடுத்தாள். ஜன்னலோரத்துத் தலைசுற்றல் அம்மாள் மலையையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைடம்மாவின் பேனா அட்டைமேல் பட்டு, எழுதாமல் அப்படியே நின்றது.

நடுவில் மிக்ஸி ஒரு கத்து கத்தி ஓய்ந்தது. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் மட்டும் அதைப் பார்த்து "ஷ்" என்றார்.

சாம்பார் கொதி வந்தது. முதலில் சின்னச் சின்னதாக, பிறகு கனத்து, சேற்றில் கால் வைத்து எடுக்கிற மாதிரி. கடைசியில் நெய் காய்ந்து கடுகு விழுந்தது. ஒன்று வெடித்தது, இரண்டு வெடித்தது, பிறகு மொத்தமாகப் படபடவென்று வெடித்து, அது அடங்குகிற நுனியில் கறிவேப்பிலை விழுந்து சீறியது. அந்தச் சீறல் ஹாலின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் மோதித் திரும்பியது. அதன் பின்னாலேயே வாசனை வந்தது. அண்ணி சொன்னது சரிதான், சத்தம்தான் முதலில் வந்தது.

ஹால் மொத்தமும் மூச்சை இழுத்தது. கண்ணைத் திறந்த அண்ணி ஒருத்திக்கு மட்டும் அந்த வாசனை கிடைக்கவில்லை. அவள் ஹாலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாகத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

"சைலன்ஸ் ஓவர்" என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு யாரும் பேசவில்லை. இலை போட்டு, சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, முதல் கவளம் உள்ளே போகும்வரை பேசவில்லை. நம் ஆட்கள் நாற்பத்திரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்து உப்பு, காரம் பற்றி ஒரு குறைகூடச் சொல்லாமல் சாப்பிட்டார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சகலையின் மனைவி எதிர்க்கடைக் கண்ணாடி வழியாக ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள், அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

கைடம்மா மூன்றாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினாள். கைகழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் அண்ணியின் முன்னால் நின்றாள். என்னவோ கேட்க வந்தவள், கேட்காமல், அண்ணியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாள். சிரிக்காத முகம் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் இங்கதான்" என்றாள் போர்டுக்காரரிடம். "ஆனா இதே மாதிரி. எல்லாரும் வந்து உக்காந்த பிறகுதான் தாளிக்கணும்." பிறகு எதிர்க்கடையைக் காட்டி, "அந்தக் கடை எப்படி? கூட்டம் அதிகமானா அங்க கொஞ்சம் பேரை அனுப்பலாமா?" என்றாள்.

நேற்றுவரை இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போர்டுக்காரர். பதில் நாக்கு நுனியில் நான்கு வருஷமாகத் தயாராக இருந்தது. அவர் தெருவைப் பார்த்தார். சகலை இன்னும் மெயினைப் போடாமல், இருட்டுக் கடை வாசலில் நின்றபடி, 'முடிஞ்சுதா, போடட்டுமா?' என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாராளமா அனுப்பலாம்" என்றார். "சாம்பார் கொஞ்சம் தண்ணியா இருக்கும். ஆளு கெட்டி."

மறுநாள் காலை விசிறியைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள். இடித்த சுவர் இடித்தபடியே இருக்கட்டும் என்றாள் அண்ணி. முகங்கள் தெரிவது நல்லதாம். போர்டுக்காரர் ஹாலின் நடுச்சுவரில் மாட்ட ஒரு புதுப் பலகையை எடுத்துவைத்துக்கொண்டு, தூரிகையை நனைத்துவிட்டு, வெகுநேரம் யோசித்தார். கடைசியில் 'தாளிக்கும்போது பேசாதீர்கள்' என்று மட்டும் எழுதினார். அவர் எழுதியதிலேயே சின்ன போர்டு அதுதான். முதல், நல்ல, ஒரே என்று எதுவும் அதில் இல்லை.

எழுதி முடித்துக் காயவைத்தபோது அடுப்பில் நெய்க்காக வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. அண்ணி கூப்பிட்டாள். "தம்பி, இங்க வா. பேசாம நில்லு."

நின்றார். வெண்ணெய் சடசடவென்று கத்திக்கொண்டிருந்தது. கத்தல் குறைந்தது. சிணுங்கலாயிற்று. பிறகு, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சட்டென்று சத்தமே இல்லாமல் போயிற்று.

அண்ணி அடுப்பை அணைத்தாள். "கேட்டுதா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். தெருவுக்கு அந்தப் பக்கம் சகலையின் மேளம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் அது. இன்னும் தொடங்கவில்லை.